செயலி கூறும் நீதி

இலக்கியத்துக்கென நடத்தப்படும் ஓர் ஏட்டிலே கைத்தொலைபேசிச் செயலிகளைப் பற்றி விமரிசனம் எழுதப் புகுவது வாசகர் சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயின், மக்களை நோக்கிச் சொற்களாற் பேசுகின்ற எதுவும் விமரிசனத்துக்குப் புறம்பானதன்று என்பதே நமது கொள்கை. நாளொன்றுக்கு ஒரு நூலின் ஒரு பக்கத்தையேனும் புரட்ட நேரமற்ற தாய்மாரும் தந்தையரும் கைத்தொலைபேசியின் சிறு திரையில் வரும் வாசகங்களைப் படிக்கின்றனர், அவற்றால் மகிழ்கின்றனர், அவற்றால் தம்மைத் தாமே நொந்துகொள்ளவும் செய்கின்றனர். பிள்ளைகள் அளவுமீறிப் பருமனாவதைத் தடுக்கப் பெற்றோருக்குத் துணைபுரிவதாகக் கூறும் செயலிகள் கடந்த பத்தாண்டுக்கு மேலாக மேலைநாடுகளிலே தோன்றியுள்ளன. அவை என்ன சொல்கின்றன, யாரிடம் சொல்கின்றன, யாரிடம் சொல்லாது விடுகின்றன என்னும் மூன்று வினாக்களையும் எழுப்புவது விமரிசகனின் கடமையாகும்.

முதலிலே பிரச்சினையின் இயல்பை விளங்கிக்கொள்ளல் வேண்டும். பருமனான பிள்ளை என்றதும் செல்வச் செழிப்பில் வளரும் பிள்ளையே நம்மிற் பலரின் மனக்கண்முன் தோன்றும். முதலாளித்துவம் முற்றி வளர்ந்த இங்கிலாந்திலே நிலைமை இதற்கு நேர்மாறானது. அங்கே 2005–06 கல்வியாண்டு தொடக்கம், ஆரம்பப் பாடசாலையிற் சேரும் நாலைந்து வயதுப் பிள்ளைகளினதும், அப்பாடசாலையை விட்டு நீங்கும் பத்துப் பதினொரு வயதுப் பிள்ளைகளினதும் உயரமும் நிறையும் அளக்கப்பட்டு வருகின்றன. 2022–23 ஆம் ஆண்டுக் கணக்கின்படி மூத்த பிரிவினருள் நூற்றுக்கு ஏறத்தாழ 23 பிள்ளைகள் மிகைப்பருமன் உடையோர். வறுமை மிகுந்த பகுதிகளிலே இத்தொகை 30. வசதி மிகுந்த பகுதிகளிலே 13. ஓர் உடற்குறை வர்க்க எல்லைகளை இவ்வளவு துல்லியமாகப் பின்பற்றி நிற்கும்போது, அதன் காரணத்தைத் தாயின் அறியாமையில் மட்டும் தேடுவது எங்ஙனம் பொருந்தும்? மலிந்த விலைக்குக் கிடைப்பது சீனியும் கொழுப்பும் மலிந்த உணவு. நாள் முழுதும் உழைத்து இரவில் வீடு திரும்புவோர்க்குச் சமைக்க நேரமில்லை. பிள்ளை ஓடியாட முற்றமுமில்லை. பிரச்சினையின் வேர் இங்கேதான் கிடக்கிறது.

இப்பின்னணியில் 2016 சனவரியில், இங்கிலாந்தின் பொதுச் சுகாதார நிறுவனம் ‘சுகர் ஸ்மார்ட்’ என்னும் செயலியை வெளியிட்டது. கடையில் வாங்கும் பொதியின்மேல் அச்சிடப்பட்டுள்ள கோட்டுக்குறியைக் கைத்தொலைபேசியின் கண்ணுக்குக் காட்டினால், அப்பொதியினுள் எத்தனை சீனிக்கட்டிகள் ஒளிந்துள்ளன என்பதைத் திரை காட்டும். நான்கு முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளையொன்று ஆண்டொன்றுக்கு 5,500 சீனிக்கட்டிகளுக்கு மேல், அதாவது ஏறத்தாழ 22 கிலோ சீனி, உட்கொள்கின்றது என்றும், இது ஐந்து வயதுப் பிள்ளையொன்றின் சராசரி நிறை என்றும் அந்நிறுவனம் அப்போது அறிவித்தது. மறு ஆண்டு இதே செயலி உப்பையும் நிரம்பிய கொழுப்பையும் காட்டும் வண்ணம் விரிவாக்கப்பட்டு, வேறு பெயருடன் வெளிவந்தது.

இதன் உருவச் சிறப்பை நாம் மனந்திறந்து பாராட்ட வேண்டும். பொதியின் பின்புறத்திலே பொடியெழுத்தில் ‘நூறு கிராமுக்கு இத்தனை கிராம்’ என்றிருப்பது கணக்கு; அது எவர் உள்ளத்தையும் தைப்பதில்லை. கண்முன்னே அடுக்கிய சீனிக்கட்டிகளோ காட்சி. மறைந்து கிடப்பதை வெளிக்கொணர்ந்து, அருவமானதை உருவமாக்கிக் காட்டுவதே யதார்த்தவாதக் கலையின் பண்பு என நாம் பல காலமாகச் சொல்லி வந்திருக்கிறோம். அவ்வளவில் இச்செயலி நல்லதொரு யதார்த்தப் படைப்பே. பண்டத்தின் பகட்டான உறைக்கும் அதன் உண்மையான உள்ளடக்கத்துக்கும் இடையேயுள்ள முரண்பாட்டை அது ஒரு நொடியில் அம்பலப்படுத்துகிறது.

ஆனால் அம்பலப்படுத்திய பின் என்ன சொல்கிறது? ‘இதை வாங்காதே, அதற்குப் பதில் வேறொன்றை வாங்கு’ என்று பெற்றோரிடம் சொல்கிறது. இங்கேதான் உள்ளடக்கத்தின் எல்லை தெரிகிறது. சீனியைப் பொதியினுள் இட்டவன் ஒருவன். அதைப் பிள்ளையின் கண்மட்டத்தில் அடுக்கி வைத்தவன் இன்னொருவன். அதற்கு விளம்பரப் பாட்டுக் கட்டியவன் வேறொருவன். செயலி இவர்களுள் எவரையும் விளித்துப் பேசவில்லை. குற்றம் செய்தவனைப் படர்க்கையிலும் நிறுத்தாது, பாதிக்கப்பட்டவளை மட்டும் முன்னிலையில் நிறுத்திக் கட்டளையிடும் இலக்கணம் அதனுடையது.

தமிழிலக்கிய மாணவர்க்கு இவ்விலக்கணம் புதிதன்று. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் பதினொன்று அறநூல்கள். அவற்றுள் திரிகடுகம், சிறுபஞ்சமூலம், ஏலாதி ஆகிய மூன்றும் மருந்துகளின் பெயரையே தம் பெயராகக் கொண்டவை. அறத்தை மருந்தாக வழங்கினர் அக்காலப் புலவர். மருத்துவத்தை அறமாக வழங்குகின்றனர் இக்காலச் செயலியாளர். இரண்டிலும் தனிமனிதன் திருந்தினாற் போதும், உலகு திருந்திவிடும் என்ற நம்பிக்கை உறைகின்றது. ஆயினும் வள்ளுவரை இவ்விடத்திற் சற்று உற்று நோக்குதல் தகும். அளவறிந்து உண்பது பற்றி அவர் பாடிய ‘மருந்து’ என்னும் அதிகாரம் பொருட்பாலில் அமைந்துள்ளது. அதே பொருட்பாலிலேதான் ஆள்வோனை நோக்கிய ‘செங்கோன்மை’யும் ‘கொடுங்கோன்மை’யும் அமைந்துள்ளன. உண்பவனுக்கு ஓர் அதிகாரம் வகுத்தவர் ஆள்பவனுக்குப் பல அதிகாரங்கள் வகுத்தார். நாம் எடுத்துக்கொண்ட செயலியிலோ ‘மருந்து’ அதிகாரம் மட்டுமே உண்டு; ‘செங்கோன்மை’ கிழித்தெறியப்பட்டுள்ளது.

இக்குறைபாடு தற்செயலானதன்று. இச்செயலி 2009 இல் தொடங்கப்பட்ட ‘சேஞ்ச் போர் லைவ்’ என்னும் அரசாங்கப் பிரசார இயக்கத்தின் கீழ் வெளிவந்தது. அவ்வியக்கம் தொடங்கியபோது அதன் பங்காளிகளாக ஏற்கப்பட்டோருள் மென்பானமும் நொறுக்குத்தீனியும் விற்கும் பெருநிறுவனங்களும் இருந்தன. ‘லான்செற்’ மருத்துவ ஏடு அதே ஆண்டிலே இதனைக் கண்டித்து எழுதியது. பந்தியில் அருகமர்ந்து உண்பவனைப் பார்த்து, ‘உன் சமையலில் நஞ்சிருக்கிறது’ என்று சொல்ல யாருக்கு நாவெழும்? பங்காளியைக் கடிந்துகொள்ள இயலாத இயக்கம், பெற்றோரைக் கடிந்துகொள்வதையே தன் மொழியாக்கிக் கொண்டது.

ஆள்வோனை நோக்கிப் பேசினால் என்ன நிகழும் என்பதற்கும் அதே இங்கிலாந்தே சான்று தருகிறது. செயலி வெளிவந்து இரண்டு மாதங்களில், 2016 மார்ச்சில், சீனி மிகுந்த மென்பானங்களின் மீது தீர்வை விதிக்கப்போவதாக ஐக்கிய இராச்சிய அரசாங்கம் அறிவித்தது. 2018 ஏப்ரிலில் அது நடைமுறைக்கு வந்தபோது, நூறு மில்லிலீற்றரில் ஐந்து கிராமும் அதற்கு மேலும் சீனியுள்ள பானத்துக்கு லீற்றருக்கு 18 பென்சும், எட்டுக் கிராமும் அதற்கு மேலும் உள்ளதற்கு 24 பென்சும் விதிக்கப்பட்டன. இத்தீர்வையைச் செலுத்த வேண்டியவன் உற்பத்தியாளனும் இறக்குமதியாளனுமேயன்றிக் கடைக்குச் செல்லும் தாயல்லள். விளைவு என்ன? தீர்வை நடைமுறைக்கு வருமுன்பே உற்பத்தியாளருள் அரைவாசிக்கு மேற்பட்டோர் தம் பானங்களிற் சீனியைக் குறைத்துவிட்டனர் என்றும், அவ்வாறு நீங்கிய சீனி ஆண்டுக்கு நான்கரைக் கோடி கிலோ என்றும் அரசாங்கமே அறிவித்தது. எந்தத் தாயும் எந்தப் பொதியையும் கைத்தொலைபேசிக்குக் காட்டாமலே நிகழ்ந்த மாற்றம் இது.

இதனை மிகைப்படுத்தவும் நாம் விரும்பவில்லை. கேம்பிறிட்ஜ் ஆய்வாளர் 2023 இல் வெளியிட்ட ஆய்வின்படி, தீர்வைக்குப் பின்னர் பத்துப் பதினொரு வயதுப் பெண்பிள்ளைகளிடையே மிகைப்பருமன், தீர்வை இல்லாதிருந்தால் எதிர்பார்த்திருக்கக்கூடிய அளவிலும் நூற்றுக்கு 8 பங்கு குறைந்து காணப்பட்டது. ஆண்பிள்ளைகளிடமும் சிறு பிள்ளைகளிடமும் அத்தகைய குறைவு காணப்படவில்லை. ஒரு தீர்வை உலகை மாற்றிவிடாது. ஆயினும் அது சரியான முகவரிக்கு அனுப்பப்பட்ட கடிதம்.

இனி, செயலிகளை முற்றாக ஒதுக்கித் தள்ளுவோமா என்பது வினா. இதற்கு விடை காணச் சுவீடன் நாட்டு அனுபவம் உதவும். அங்கே கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர் ‘மினிஸ்ரொப்’ என்னும் செயலியை உருவாக்கினர். முதல் ஆய்வில் நாலரை வயதுப் பிள்ளைகள் 315 பேரின் பெற்றோர் கலந்துகொண்டனர். 2017 இல் வெளியான முடிவுகளின்படி, ஆறு மாதங்களின் பின்னர் பிள்ளைகளின் உடற்கொழுப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இருக்கவில்லை. உணவுப் பழக்கங்களிலும் உடலியக்கத்திலும் கிடைத்த பொதுவான சிறு முன்னேற்றமும் ஓராண்டின் பின் நிலைக்கவில்லை. ஆய்வாளர் இத்தோல்வியை மறைக்கவில்லை, அதிலிருந்து கற்றனர்.

அடுத்த ஆய்விலே செயலி, சிறுவர் சுகாதார நிலையத் தாதியின் கையால் பெற்றோருக்கு அறிமுகம் செய்யப்பட்டது. சுவீடிய மொழியில் மட்டுமன்றி ஆங்கிலம், அரபு, சோமாலி மொழிகளிலும் அது பேசியது. புலம்பெயர்ந்து வந்து புதிய மண்ணில் தடுமாறும் தாயை அவளுடைய மொழியிலேயே அழைத்தது. 552 குடும்பங்கள் பங்குகொண்ட இந்த ஆய்வின் முடிவு 2023 இல் வெளிவந்தது. பெற்றோர் தந்த தகவலின்படி பிள்ளைகள் அருந்தும் இனிப்புப் பானம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 31 கிராமும், திரை பார்க்கும் நேரம் ஏழு நிமிடமும், மற்றக் குழுவினரிலும் குறைவாயிருந்தன. பெற்றோரின் தன்னம்பிக்கை உயர்ந்திருந்தது. உடற்பருமனளவில் மாற்றம் காணப்படவில்லை. பலன் சிறிது, ஆயின் பொய்யன்று. அந்தச் சிறு பலனுக்குப் பின்னால் நிற்பது தொழில்நுட்பம் மட்டுமன்று. மக்கள் பணத்தில் இயங்கும் சிறுவர் சுகாதார சேவையும், பெற்றோரின் முகம் பார்த்துப் பேசும் ஒரு தாதியும் கூடவே நிற்கின்றனர்.

ஆகவே நாம் இரு தவறான போக்குகளைத் தவிர்க்க வேண்டும். செயலியைத் தரவிறக்கினால் தீர்ந்தது பிரச்சினை என்பது ஒன்று. சமுதாயம் மாறும்வரை பிள்ளை எதைத் தின்றாலென்ன என வரட்டுச் சுலோகம் பேசுவது மற்றொன்று. பின்னையது இடதுசாரி உடையில் உலவும் அசட்டை. இன்றிரவு பசித்திருக்கும் பிள்ளைக்கு எதைக் கொடுப்பது என்ற தாயின் வினாவுக்கு இன்றே விடை வேண்டும். அவ்விடையைத் தரும் செயலியை நாம் வரவேற்போம். அந்த வினாவை அவள் தலையில் மட்டும் ஏற்றிவைக்கும் சமுதாய அமைப்பை எதிர்ப்போம்.

நமது நாட்டுக்கும் இதிலே தொடர்புண்டு. 2016 ஆகஸ்ட் முதல் இலங்கையில் விற்கப்படும் மென்பானங்களின்மேல் சீனியின் அளவைக் காட்டும் நிறக்குறி கட்டாயமாக்கப்பட்டது. நூறு மில்லிலீற்றரில் பதினொரு கிராமுக்கு மேற்பட்டால் சிவப்பு, இரண்டு கிராமிலும் குறைந்தாற் பச்சை, இடைப்பட்டது செம்மஞ்சள். இதுவும் வாங்குபவருக்கான எச்சரிக்கையே. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. செயலி தாயைத் தேட வைக்கிறது. நிறக்குறி விற்பவனை ஒப்புக்கொள்ள வைக்கிறது. விலையுயர்ந்த கைத்தொலைபேசி இல்லாத தோட்டத் தொழிலாளியும், எழுத்தறியாத முதியவளும்கூட அச்சிவப்பைக் காணலாம்.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் நாம் கூற விரும்புவது ஒன்றே. எந்த அறிவுரை உங்கள் திரையில் வந்தாலும், அது நல்லதா என்று மட்டும் கேளாதீர்கள். அது யாரை விளிக்கிறது என்றும் கேளுங்கள். வகுப்பறையிலே ‘மருந்து’ அதிகாரத்தைக் கற்பிக்கும்போது பாடசாலை வாயிலில் விற்கப்படும் மென்பானப் போத்தலையும் மேசைமேல் வையுங்கள். அதன் நிறக்குறியை மாணவர் வாசிக்கட்டும். அதனைக் குடிப்பவனின் கடமை யாது, விற்பவனின் கடமை யாது, ஆள்பவனின் கடமை யாது என்று அவர்கள் மூன்று பத்திகளில் எழுதட்டும். இரண்டாம் மூன்றாம் பத்திகள் எழுதப்படாத வரையில், பிள்ளையின் நிறையைச் சுமக்கும் பாரம் தாயின் தோளிலேயே இருக்கும்.