மலைப் பாட்டுக்கு மலிவு மைக்: வாங்குமுன் ஒரு கணக்கு

திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது ஜவ்வாது மலை. சாமை, தேன், புளி, பலா என்று சந்தைக்கு இறங்கும் சரக்குகளை எல்லோரும் அறிவார்கள். சந்தைக்கு வராத சொத்து ஒன்றும் அங்கே உண்டு. மலையாளிப் பழங்குடி மக்களின் தாலாட்டு, ஒப்பாரி, திருவிழாப் பாட்டு, பம்பை, உடுக்கை. முன்பு இவற்றைப் பதிவு செய்ய வெளியிலிருந்து ஆய்வாளர் யாராவது டேப் ரெக்கார்டரோடு மலையேற வேண்டியிருந்தது. இன்று ஒரு மடிக்கணினியும் சில ஆயிரம் ரூபாயும் இருந்தால் மலைமேலுள்ள ஜமுனாமரத்தூர்ப் பக்கத்து இளைஞரே தன் பாட்டியின் குரலைத் தன் வீட்டில் பதியலாம். அந்தச் சில ஆயிரத்தில் முதலில் எதை வாங்குவது என்று கேட்டால் வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: விலை குறைந்த கண்டென்சர் மைக். சமவெளி நகரங்களில் வேரூன்றிய இந்தப் பழக்கம் மலைக்கும் பொருந்துமா என்பதே இங்கே கேள்வி.

கண்டென்சர் மைக்கின் தத்துவத்தை 1916இல் அமெரிக்காவில் இ.சி. வென்ட் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். மெல்லிய சவ்வு ஒன்றும் அதன் பின்னால் அசையாத தகடு ஒன்றும் சேர்ந்து மின்தேக்கியாகின்றன. ஒலி பட்டு சவ்வு அதிரும்போது இரண்டுக்கும் இடையிலான தூரம் மாறுகிறது, அந்த மாற்றம் மின்குறிகையாகிறது. ஜெர்மனியின் நாய்மன் நிறுவனம் 1928இல் இதை வணிகப் பொருளாக்கியது. 1962இல் பெல் ஆய்வகத்தில் ஜேம்ஸ் வெஸ்ட்டும் கெர்ஹார்ட் செஸ்லரும் நிலையான மின்னூட்டம் கொண்ட எலக்ட்ரெட் படலத்தைப் பயன்படுத்திய பிறகு விலை சரியத் தொடங்கியது. பின்னர் சீனத் தொழிற்சாலைகள் மிச்சத்தைச் சரித்தன. ஒரு காலத்தில் வானொலி நிலையத்துக்கும் சினிமா ஒலிப்பதிவுக் கூடத்துக்கும் மட்டுமே கட்டுபடியான பொருள் இன்று ஆயிரத்துச் சொச்சத்துக்கு வீட்டு வாசலில் வந்து இறங்குகிறது.

முதலில் அதன் பலத்தைச் சொல்லிவிடலாம். இன்னொரு வகையான டைனமிக் மைக்கில் சவ்வோடு ஒரு கம்பிச்சுருளும் சேர்ந்து அசைய வேண்டும். கண்டென்சரில் சவ்வு மட்டுமே அசைகிறது. அதனால் மெல்லிய ஒலியும் வேகமாக எழுந்து அடங்கும் ஒலியும் அதில் தெளிவாக விழும். தாலாட்டின் இழுவையில் மூச்சு எங்கே முறிகிறது, உடுக்கையின் கயிற்றைப் பிடித்து இறுக்கும்போது நாதம் எப்படி வளைகிறது என்பதெல்லாம் கேட்கும். டைனமிக் மைக்கில் இதே மெல்லிய குரலைப் பதிய வேண்டுமானால் கெயினை, அதாவது ஒலிப்பெருக்க அளவை, ஏகத்துக்கும் ஏற்ற வேண்டும். மைக்கை மடிக்கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ்களில் விலை குறைந்தவற்றில் கெயின் ஏற ஏற இரைச்சலும் கூடவே ஏறும். நுட்பமான மைக் என்பதால் பம்பையின் ஓசையில் உடைந்துவிடும் என்ற பயமும் தேவையில்லை. வீட்டுப் பதிவாளர்களிடையே பரவலான ஆடியோ டெக்னிகா ஏடி2020 மைக் 144 டெசிபெல் வரை தாங்கும் என்பது நிறுவனத்தின் அளவு. பம்பை அந்த உயரத்துக்குப் போவதில்லை.

குறைகளில் முதலாவது, மைக்கின் சொந்த இரைச்சல். எந்த ஒலியும் இல்லாதபோதும் மைக்கின் மின்சுற்று ஒரு சீறலை எழுப்பிக்கொண்டே இருக்கும். ஏடி2020இல் அது 20 டெசிபெல். ரோடு என்டி1-ஏ மைக்கில் 5 டெசிபெல். விலையும் கூடுதல். சென்னை வீட்டில் இந்த வித்தியாசம் காதில் படாது. மின்விசிறியும் தெருவும் சேர்ந்து எழுப்பும் சத்தம் 35, 40 டெசிபெல் இருக்கும்போது 20 டெசிபெல் சீறல் அதன் அடியில் மறைந்துவிடும். மலையில் காற்றும் பூச்சியும் ஓய்ந்த விடியற்காலையில் பின்னணிச் சத்தம் அதைவிடப் பல டெசிபெல் கீழே இறங்குகிறது. அப்போது மறைந்திருந்த சீறல் வெளியே வந்துவிடும். நகர விளக்கொளியில் தெரியாத மங்கலான விண்மீன்களுக்காகத்தான் 1960களின் இறுதியில் இதே மலையின் காவலூரில் வானாய்வகம் அமைத்தார்கள். 2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி 1986 முதல் அங்கே இருக்கிறது. இருண்ட வானம் நல்ல கருவியைக் கேட்கிறது. அமைதியான ஊரும் அப்படித்தான் கேட்கும்.

இதைச் சொன்னதும் கடன் வாங்கியாவது விலை கூடிய மைக்கை வாங்கத் தோன்றும். அவசரம் வேண்டாம். ஒலி வரும் இடத்துக்கும் மைக்குக்கும் உள்ள தூரம் பாதியானால் மைக்குக்குக் கிடைக்கும் ஒலி ஏறத்தாழ 6 டெசிபெல் கூடும். ஒரு மீட்டர் தள்ளி நிற்கும் மைக்கைக் கால் மீட்டருக்குக் கொண்டுவந்தால் 12 டெசிபெல் லாபம். இரண்டு மைக்குகளுக்கும் இடையே விலை கொடுத்து வாங்கும் 15 டெசிபெல் வித்தியாசத்தில் பெரும்பகுதி இப்படிச் செலவில்லாமலே கிடைத்துவிடுகிறது. ஆனால் இந்தச் சலுகை தனிக்குரலுக்கு மட்டுமே. பத்துப் பேர் சுற்றி நின்று பாடி ஆடும்போது மைக்கை யார் வாயருகிலும் கொண்டுபோக முடியாது. அங்கே குறைந்த இரைச்சலுக்குக் கொடுத்த பணம் வீணாகாது.

இரண்டாவது குறை, குரலில் ஏறும் செயற்கைப் பளபளப்பு. மலிவு மைக்குகள் பலவற்றில் சவ்வும் தகடும் அடங்கிய கேப்சூல், நாய்மன் 1960இல் யு67 மைக்குக்காக வடிவமைத்த கே67 கேப்சூலின் நகல். அந்த மூல வடிவம் உச்ச ஒலிகளைத் தூக்கிக் கொடுக்கும். நாய்மன் தன் மின்சுற்றில் அதைச் சமன்படுத்தியிருந்தது. நகலெடுத்தவர்கள் பலர் கேப்சூலை மட்டும் எடுத்துக்கொண்டு சமன்படுத்தும் சுற்றை விட்டுவிட்டார்கள். விளைவாக, ‘ச’, ‘ஸ’ ஒலிகள் காதைக் குத்துகின்றன. கடையில் கேட்கும்போது இது ‘தெளிவு’ போலத் தோன்றி ஏமாற்றும். மலையில் இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொள்கிறது. சில்வண்டும் பூச்சிகளும் கத்துவது பெரும்பாலும் இந்த உயர் அலைவரிசைப் பக்கம்தான். மாலைக்குப் பிறகு செய்யும் பதிவில் பாட்டியின் குரலுக்குப் போட்டியாகப் பூச்சிகளுக்கும் இந்த மைக் மேடை போட்டுக் கொடுக்கும்.

மூன்றாவது, அறை. கண்டென்சர் மைக் குரலை மட்டும் தேர்ந்தெடுத்துக் கேட்பதில்லை, சுவரையும் சேர்த்துக் கேட்கும். ஓலையோ புல்லோ வேய்ந்த தாழ்ந்த கூரை ஒலியை உறிஞ்சிக்கொள்ளும். நகரத்தில் நுரைப்பலகை வாங்கி ஒட்டிச் செய்வதன் பெரும்பகுதியை அந்தக் கூரை சும்மாவே செய்கிறது. கான்கிரீட் தொகுப்பு வீட்டின் வெற்றுச் சுவர்கள் ஒவ்வொரு சொல்லையும் திருப்பி அடிக்கும். அந்த வீட்டில் பத்தாயிரம் ரூபாய் மைக் வைத்தாலும் குளியலறையில் பாடியது போலத்தான் கேட்கும். தகரக் கூரையில் மழை விழுந்தால் எந்த மைக்காலும் பயனில்லை. கம்பளி, பாய், தானிய மூட்டை இவற்றைப் பாடுபவரின் பின்னாலும் பக்கவாட்டிலும் அடுக்கிவிட்டு மைக்கை வைத்தால் அது அடுத்த விலைப் படியில் உள்ள மைக்கை வாங்கியதற்குச் சமம்.

நான்காவது, மின்சாரமும் ஈரமும். கண்டென்சருக்கு இன்டர்ஃபேஸிலிருந்து மைக் வயர் வழியே வரும் 48 வோல்ட் மின்சாரம், அதாவது ஃபான்டம் பவர், வேண்டும். வீட்டு எர்த் சரியில்லை என்றால் பதிவு முழுக்க ‘ஹம்’ ஒலி படியும். மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டினால் அது பெரும்பாலும் போய்விடும். ஈரத்தைச் சமாளிப்பது இத்தனை எளிதன்று. கேப்சூலில் பனியோ மூச்சின் ஈரமோ படிந்தால் மின்னூட்டம் கசிந்து படபடவென்று வெடிப்பொலி வரும். மழைக்காலத்தில் மலைவீட்டில் திறந்து வைத்த மைக்குக்கு இந்த நோய் சீக்கிரம் வரும். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட காற்றுப்புகா டப்பாவும் வாய்க்கு முன்னால் மூச்சைத் தடுக்கும் ஒரு பாப் ஃபில்டரும் மைக்கோடு சேர்ந்த செலவுதான்.

ஆயிரத்துச் சொச்சத்துக்கு வரும் பிஎம்-800 வகை மைக்குகளைப் பற்றித் தனியாக எச்சரிக்க வேண்டும். ஒரே உருவத்தில் பல தொழிற்சாலைகளிலிருந்து வருவதால் ஒன்றின் தரம் இன்னொன்றுக்கு இருக்காது. பெரிய உடலுக்குள் சின்ன எலக்ட்ரெட் கேப்சூல் இருப்பது வழக்கம். கூடவே வரும் 3.5 மி.மீ. வயரை மடிக்கணினியில் செருகினால் கிடைப்பது சில வோல்ட்தான், 48 அல்ல. பையிலிருக்கும் போனின் மைக்கும் மின்தேக்கி வகையே. நல்ல போனில் அதன் சொந்த இரைச்சல் ஏறத்தாழ 29 டெசிபெல். பிஎம்-800 வாங்கியும் அதைவிடப் பெரிய முன்னேற்றம் கிடைக்காமல் போகலாம். போனின் உண்மையான குறை வேறு இடத்தில் இருக்கிறது. தானாகவே ஒலியளவை ஏற்றி இறக்கி, பம்பையின் முதல் அடிக்கும் கடைசி அடிக்கும் வித்தியாசமில்லாமல் ஆக்கிவிடும். அந்த வசதியை அணைக்கும் செயலியில் பதிந்தால் போனே மோசமில்லை. யுஎஸ்பி மைக்குகள் இன்டர்ஃபேஸ் செலவை மிச்சப்படுத்தும். ஆனால் ஒரு மைக்கோடு நின்றுவிட வேண்டியதுதான். பின்னாளில் பாடகருக்கு ஒன்று, பம்பைக்கு ஒன்று என்று விரிக்க முடியாது.

அப்படியானால் டைனமிக் மைக்கே மேல் என்பாரும் உண்டு. 1966 முதல் மேடைகளை ஆளும் ஷூர் எஸ்எம்58 ஈரத்துக்கும் கைதவறி விழுவதற்கும் அஞ்சாது, அறையின் எதிரொலியைக் குறைவாகவே பிடிக்கும், ஃபான்டம் பவர் கேட்காது. கோயில் முற்றத்தில் நடக்கும் பாட்டுக்கும் பறை, பம்பைக்கும் எதிரொலிக்கும் கான்கிரீட் வீட்டுக்கும் அதுவே சரி. ஆனால் முதியவரின் தணிந்த குரலையும் ஒப்பாரியின் விம்மலையும் அதனிடம் ஒப்படைக்க முடியாது.

என் தீர்ப்பு இதுதான். குறைந்த விலைக் கண்டென்சர் மைக் ஜவ்வாது மலைக்குப் பொருந்தும். ஆனால் அடிமட்ட விலையில் பொருந்தாது, எல்லா வேலைக்கும் பொருந்தாது. கூரை வேய்ந்த வீடும் தனிக்குரலும் என்றால் 20 டெசிபெல் இரைச்சலுள்ள நடுத்தர மைக் போதும். கூட்டுப் பாட்டைப் பதிவதே நோக்கமென்றால் காத்திருந்து 5 டெசிபெல் வகையை வாங்குங்கள். பெட்டியில் இரைச்சல் அளவு அச்சிடப்படாத மைக்கை வாங்காதீர்கள். மைக்குக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கைக் கம்பளிக்கும் காற்றுப்புகா டப்பாவுக்கும் விட்டுவையுங்கள். சர்வதேச ஒலி ஆவணக் காப்பாளர்கள் குறைந்தபட்ச அளவாகப் பரிந்துரைக்கும் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் பதிந்து, எதையும் சேர்க்காத மூலக்கோப்பை இரண்டு இடங்களில் வையுங்கள். சரியான மைக் கிடைக்கும் வரை பதிவைத் தள்ளிப்போட வேண்டாம். மைக்கை அடுத்த ஆண்டும் வாங்கிக்கொள்ளலாம், பாடும் முதியவர்கள் அதுவரை இருப்பார்கள் என்று யாரும் உறுதி தர முடியாது.