முன்வரிசைப் பிள்ளைகள்

கதாகாலட்சேபத்தில் முன்னால் உட்காரும் பொடிசுகள் பல பேச்சாளர்களுக்குத் தொந்தரவு. கிருபானந்த வாரியாருக்கோ (1906–1993) அவர்கள்தான் பிடிமானம். கந்தபுராணம் சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தி ஒரு பையனிடம் கேள்வி கேட்பார். சரியாகச் சொன்னால் பரிசு. பையன் விழிக்கும் அந்த நேரத்தில் பின்னாலிருக்கும் பெரியவர்களும் மனசுக்குள் விடை தேடுவார்கள்; கண் சொக்கியவரும் நிமிர்ந்துவிடுவார். கேள்வி உண்மையில் யாருக்கு என்பது அவருக்குத் தெரியும்!

ஒருமுறை அனுமனைப் பற்றிப் பேசும்போது சிலர் எழுந்து நடையைக் கட்டினார்களாம். ‘சொல்லின் செல்வன்’ அனுமன் மட்டுமில்லை, நான் சொல்லச் சொல்லச் செல்லும் இவர்களும்தான் என்கிற பொருளில் அவர் போட்ட போடு இன்றும் மேடைகளில் உலவுகிறது. எழுதிவைத்துப் படிக்கிறவருக்கு இது வாய்க்குமா? அன்று கிளம்பியவர்களில் எத்தனை பேர் அசடு வழிய மறுபடி உட்கார்ந்தார்களோ!