சிட்டு விழுந்த கதை

பறவை பார்ப்பவர்கள் என்றதும் நமக்கு ஒரு சித்திரம் வரும். தலையில் தொப்பி, கழுத்தில் பைனாகுலர், விடியற்காலை ஏரிக்கரை, 'உஷ், பேசாதீங்க!' பென்ஷன்காரர்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் சலீம் அலியின் சுயசரிதையைப் படிக்க வேண்டும். 'தி ஃபால் ஆஃப் எ ஸ்பாரோ', 1985-ல் வந்தது. தொண்ணூறை நெருங்கும் வயதில் எழுதிய புத்தகம். ஆனால் நடையில் முதுமை இல்லை, குறும்பு இருக்கிறது.

கதை ஒரு கொலையில் ஆரம்பிக்கிறது. பம்பாய்ப் பையன் ஒருவன் ஏர்கன்னால் ஒரு சிட்டைச் சுடுகிறான். எடுத்துப் பார்த்தால் தொண்டையில் மஞ்சள் தீற்று. இதைச் சாப்பிடலாமா, கூடாதா? மாமாவிடம் கேட்கிறான். வேட்டைக்காரரான அவருக்கும் பெயர் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் மில்லார்டுக்குக் கடிதம் கொடுத்து அனுப்புகிறார். அவர் இழுப்பறைகளைத் திறந்து, பாடம் செய்த பறவைகளை ஒவ்வொன்றாகக் காட்டுகிறார். அவ்வளவுதான், பையன் மாட்டிக்கொண்டான். 1987-ல் சாகும்வரை மீளவில்லை.

எனக்குப் பிடித்த பகுதி அதுவல்ல. பெர்லினில் பயிற்சி பெற்று 1930-ல் திரும்பி வருகிறார். மியூசியத்தில் பார்த்த வேலையைப் பணமில்லை என்று எடுத்துவிட்டார்கள். வேலையில்லாமல் மனைவியோடு அலிபாக் பக்கம் கிஹிம் என்ற கடற்கரைக் கிராமத்துக்குப் போகிறார். அருகில் தூக்கணாங்குருவிக் கூட்டம். ஏணியில் ஏறி, துணி மறைவில் உட்கார்ந்து பார்க்கிறார், மாதக்கணக்கில். ஆண் பாதிக் கூடு கட்டிவிட்டுக் காத்திருக்கிறது. பெண் வந்து சோதனை போடுகிறது. பிடித்தால்தான் குடும்பம். பெண் பார்க்கும் படலம் இங்கே தலைகீழ். சம்மதம் கிடைத்ததும் மிச்சக் கூட்டை முடித்துக் கொடுத்துவிட்டு, நம் ஆள் அடுத்த கூட்டுக்குக் கால்கோள் போடுகிறார், அடுத்த சம்சாரத்துக்கு!

குரங்குக்குப் புத்தி சொன்ன குருவியாக விவேக சிந்தாமணி காலத்திலிருந்து நமக்குத் தெரிந்த பறவைதான் இது. வயல்வெளிப் பனைமரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. நாம் நீதி எடுத்துக்கொண்டோம், ஏணி எடுத்துக்கொண்டு போகவில்லை.

குறை இல்லாமலில்லை. ஹைதராபாத், திருவிதாங்கூர் என்று சமஸ்தானம் சமஸ்தானமாகக் கணக்கெடுக்கப் போகும் அத்தியாயங்களில் முகாம்களும் துரைமார்களும் வரிசையாக வருகிறார்கள். பக்கம் புரட்டத் தோன்றும். ஆராய்ச்சிக்காகத் தான் சுட்டு வீழ்த்திய பறவைகளுக்காக அவர் பெரிதாக வருந்துவதில்லை. மாதிரி இல்லாமல் விஞ்ஞானம் இல்லை என்பது அவர் கட்சி. அந்த நேர்மை சரிதான், ஆனால் இன்னும் கொஞ்சம் தயங்கியிருக்கலாமே என்று தோன்றுகிறது.

இன்றைக்குத் துப்பாக்கி போய் கேமரா வந்துவிட்டது. முழ நீள லென்ஸ். நல்ல விஷயம்தான். ஆனால் ஒரு 'ஷாட்'டுக்காகக் கூடு மறைத்த கிளையை விலக்குகிறவர்களும், ரெக்கார்ட் செய்த குரலைப் போட்டு ஏமாற்றிப் பறவையை வெளியே வரவழைக்கிறவர்களும் இருக்கிறார்கள். கிளையை விலக்கினால் காக்கைக்குக் குஞ்சின் விலாசம் கொடுத்த மாதிரி. குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் 'மெர்லின்' செல்போனிலேயே இருக்கிறது. பெயர் கிடைத்ததும் டிக் அடித்துவிட்டு அடுத்த பறவைக்கு ஓடுகிறோம். சலீம் அலிக்கும் பெயர்தான் முதல் கேள்வி. ஆனால் பெயர் தெரிந்த பிறகுதான் அவருக்கு வேலையே ஆரம்பித்தது.

பட்டியல் போடுவதைக் கேலி செய்யவில்லை. பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கச் சாதாரண ஜனங்கள் பறவைகளை எண்ணி 'இ-பேர்ட்'டில் பதிகிறார்கள். எந்த இனம் குறைகிறது என்று பின்னால் ஒருவர் சொல்ல அதுதான் ஆதாரம். எண்ணுங்கள். எண்ணிவிட்டுக் கொஞ்சம் உட்காருங்கள்.

இந்தப் புத்தகம் சொல்லாமல் சொல்வது அதைத்தான். அபூர்வப் பறவை தேவையில்லை, பைனாகுலரும் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம். உங்கள் தெரு லைன் கம்பியில் ஒரு கரிச்சான் உட்கார்ந்திருக்கும். வால் பிளந்த கறுப்புக் குருவி. ஒரு மாதம் அதை மட்டும் பாருங்கள். என்ன தின்கிறது, யாரை விரட்டுகிறது, எப்போது காணாமல் போகிறது?

செலவு ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் கொஞ்சம் சந்தேகமாகப் பார்ப்பார்.