பாகற்காய்க்குச் சட்டை

பாகற்பிஞ்சு விரல் நீளம் வந்ததும் அதற்குச் சட்டை போட்டுவிட வேண்டும். இரண்டு நாள் அசந்தால் பழ ஈ வந்து தோலில் குத்தி உள்ளே முட்டை வைத்துவிடும். வெளியே பார்க்கக் காய் லட்சணமாகத்தான் இருக்கும். நறுக்கும்போதுதான் புழு நெளிவது தெரியும். எங்கள் தோட்டத்தில் சட்டை என்பது பழைய செய்தித்தாள். அரைப் பக்கத்தைக் குழலாகச் சுருட்டி, பிஞ்சை உள்ளே விட்டு, காம்புப் பக்கம் மடித்து ஸ்டேப்ளரால் ஓர் அடி. கீழ்ப்பக்கம் திறந்தே இருக்கும். காய் நீள வேண்டுமே.

ஈசூனில் விடிவது காலை ஏழு மணிக்கு. 1982இல் சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளிவைத்ததிலிருந்து சூரியன் எங்களுக்குத் தாமதமாகத்தான் வருகிறது. ஏழேகால் மணிப் புது வெளிச்சத்தில் பந்தலுக்கு அடியில் போய் அண்ணாந்து பார்க்க வேண்டும். தமிழ் முரசு, பெரித்தா ஹாரியான், லியன்ஹ சாவ்பாவ், ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் என்று நாலு மொழித் தாளும் கொடியில் தொங்கும். ஒரு குழலில் பாதித் தலைப்பு, அடுத்ததில் யாரோ ஒரு பிரமுகரின் காது, அதற்கடுத்ததில் பங்குச் சந்தை எண்கள். 1935இல் முரசைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி, தன் பத்திரிகைக்கு இப்படியும் ஒரு வேலை வாய்க்கும் என்று கணக்குப் போட்டிருக்க மாட்டார். எந்தத் தாள் மழை தாங்கும் என்பதில் பந்தலடியில் தீராத வழக்கு உண்டு. அவரவர் பத்திரிகைக்கு அவரவர் வக்கீல். நான் பார்த்தவரை, ஈசூன் மழைக்கு நாலும் ஒரே கூழ்தான்.

பந்தலைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இங்கே பழைய அடுக்குமாடி வீடுகளில் சமையலறைச் சன்னலுக்கு வெளியே மூங்கில் கழியை நீட்டித் துணி காயப்போடுவார்கள். வெடித்துப்போன கழி கீழே இறங்கி வந்து பந்தல் காலாகிவிடும். கழி எந்த வீட்டுடையது என்று தெரியாவிட்டாலும், முடிச்சைப் பார்த்தால் கட்டியவர் யார் என்று சொல்லிவிடலாம். சிவப்பு ரஃபியா நாரை நாலு சுற்றுச் சுற்றி நறுக்கென்று கத்தரித்திருந்தால் அது ஒன்பதாம் மாடிச் சீனப் பெரியவர். பழைய புடவையின் கரையைக் கிழித்துப் பூத்தொடுப்பது மாதிரி கட்டியிருந்தால் அது நாலாம் மாடி ஆன்ட்டி. ஒரு கழியில் நீல நிறத் துணிக்கவ்வி ஒன்று இன்னும் பிடியை விடவில்லை. எடுத்துவிடலாம் என்று எல்லோரும் சொல்வோம், ஒருவரும் எடுக்கவில்லை. இப்போது அவரைக் கொடி அதன் மேல் ஒரு சுற்றுப் போட்டுவிட்டது. இனிமேல் அது பந்தலின் சொத்து.

இந்தத் தோட்டத்துக்கு வருமுன் பதினோரு வருடம் நான் இவர்களெல்லாம் இருக்கும் அதே அடுக்குமாடிப் புளோக்கில்தான் இருந்தேன். சிங்கப்பூரில் வசிப்பவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய வீடுகளில் இருக்கிறார்கள். எந்த இனத்தாரும் ஒரே இடத்தில் குவிந்துவிடாதபடி புளோக்குக்கு இத்தனை விழுக்காடு என்று 1989இலிருந்து ஒரு விதியும் இருக்கிறது. சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லோரையும் ஒரே சுவரின் இரண்டு பக்கமும் குடிவைத்தது அந்த விதி. அதற்கு மேல் விதியால் என்ன செய்ய முடியும்? மின்தூக்கியில் ஏறினால் எல்லோரும் மாறும் மாடி எண்ணையே பார்த்துக்கொண்டு நிற்போம். அரைச் சிரிப்பு, அதற்குள் கதவு திறந்துவிடும். வெறுப்பு ஒன்றும் இல்லை. பேச ஒரு சாக்கு இல்லை, அவ்வளவுதான்.

சாக்கு செடியில் இருந்தது. ஒரு நாள் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவனிடம் ஒன்பதாம் மாடிப் பெரியவர் கையில் ஒரு கீரைக் கொத்தைத் தூக்கிக் காட்டி, "இனி அப்பா?" என்றார். தமிழ்க் காதில் அது வேறு மாதிரி விழும். மலாயில் "இது என்ன?" என்று அர்த்தம். அவர் வயதுக்காரர்கள் இளமையில் சந்தையில் கற்ற பாசார் மலாய் அது. இலக்கணத்தைக் கழற்றி வைத்துவிட்டு வேலைக்கு வந்த மொழி. இளையவர்கள் எல்லோரும் ஆங்கிலத்துக்குப் போய்விட்டார்கள். இன்றைக்கு எங்கள் வட்டாரத்தில் அந்த மொழி தினமும் புழங்கும் இடம் இந்தப் பந்தலடிதான். அவருக்குக் கீரையின் பெயர் தெரியாமல் இல்லை. எனக்குத் தெரியுமா என்றுதான் கேட்டிருக்கிறார்.

எனக்கு அது தவசிக்கீரை. தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் ஊர் நர்சரியில் 'சக்குர்மாணிஸ்' என்று எழுதி வைத்திருப்பார்கள், ஏதோ லத்தீன் பெயர் என்றே நான் நினைத்திருந்தேன். வேலிக்கு உள்ளேயிருந்து, மாக்சிக், அதாவது அத்தை, என்று எல்லோரும் கூப்பிடும் மலாய் அம்மா, "செக்கூர் மானிஸ்" என்றார். பெரியவர், "மானி சாய்" என்றார். மலாயில் மானிஸ் என்றால் இனிப்பு. சீனத்தில் சாய் என்றால் கீரை. நான் இங்கே வந்து சேர்வதற்கு எத்தனையோ காலம் முன்பே இந்த ஊர்ப் பெயர் கடல் தாண்டி எங்கள் ஊர் நர்சரிப் பலகைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. முருங்கை எதிர்த்திசைக்காரன் போலிருக்கிறது. மலாய்க்காரர்கள் மெருங்கை என்கிறார்கள், ஏழாம் மாடியில் வேலை செய்யும் பிலிப்பினோப் பணிப்பெண் மலுங்காய் என்கிறார். காதில் விழும்போதே உறவு தெரிகிறது. அவர் அந்த இலையைக் கோழி சூப்பில் போடுவார். நாங்கள் காய்க்கு அண்ணாந்து நிற்கும்போது அவர் கொழுந்துக்கு எட்டிப் பிடித்துக்கொண்டிருப்பார். ஒரே மரத்தடியில் நின்றாலும் இடிபடாத கூட்டம்.

தவசிக்கீரையைச் சமைப்பதில் ஒரு நுட்பத்தைப் பெரியவர்தான் காட்டினார். உருவிய இலையை அலசிவிட்டு, இரண்டு கையாலும் பிடி பிடியாகப் பிசைய வேண்டும், துணி துவைக்கிற மாதிரி. பச்சைச் சாறு விரலிடுக்கில் வர வேண்டும். பிறகு மறுபடி அலசி, கொதிக்கும் சூப்பில் போட்டு முட்டையை உடைத்து ஊற்ற வேண்டும். பிசையாமல் போட்டால் இலை வாயில் முரடாக நிற்கும். மாக்சிக் தேங்காய்ப் பாலில் சர்க்கரைவள்ளியோடு வேகவைப்பார். என் வீட்டில் பாசிப்பருப்புப் போட்டுக் கூட்டு. இப்போது கூட்டுக்கும் பிசைந்துதான் போடுகிறோம். ஊரிலிருந்து வந்த என் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "கீரைய ஏன்டா இப்படி அடிச்சு உதைக்கிற?" என்று கேட்டார். சாப்பிட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

இந்தத் தோட்டம் அரசு ஏற்பாடு என்பதையும் சொல்லிவிட வேண்டும். தேசியப் பூங்காக் கழகம் 2005இல் 'கம்யூனிட்டி இன் புளூம்' என்று இந்தத் திட்டத்தைத் தொடங்கியது. இன்று தீவெங்கும் 2,000 தோட்டங்களுக்கு மேல். இதல்லாமல், பூங்காக்களில் இரண்டரை மீட்டருக்கு ஒரு மீட்டர் பாத்தியை ஆண்டுக்கு 57 வெள்ளி, வரி தனி, என்று மூன்று ஆண்டுக்கு வாடகைக்கு விடும் திட்டமும் 2016 முதல் உண்டு. அது தனிக்குடித்தனம். உங்கள் கத்தரி, உங்கள் இஷ்டம், சுத்தமாக இருக்கும். எனக்கு எங்களுடைய கூட்டுக்குடும்பம்தான் ருசிக்கிறது, சண்டை உட்பட. உணவில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்யும் நாடு இது. எங்கள் நாற்பது வெண்டைக்காயால் அந்தக் கணக்கு மாறும் என்று இங்கே யாரும் மண்வெட்டி எடுக்கவில்லை.

சண்டை என்றால் மஞ்சள். செடி ஒன்று, அதில் மூன்று பேருக்கு மூன்று உறுப்பின் மேல் கண். மாக்சிக்குக்கு இலை. ரெண்டாங் அடுப்பிலிருந்து இறங்குமுன் மஞ்சள் இலை விழாவிட்டால் அவருக்கு அது ரெண்டாங்கே இல்லை. அவர் இலை எடுப்பதைப் பார்க்க வேண்டும். குருத்தைத் தொட மாட்டார், வெளிமுதிர்வையும் தொட மாட்டார். நடுவில் ஒன்றை விரலால் நீவிப் பார்த்து அடியோடு ஒடிப்பார். நடுநரம்பை உரித்துப் போட்டுவிட்டு இலையை இறுகச் சுருட்டி மயிரிழையாக அரிவார். மூன்றாம் மாடியில் வேலை செய்யும் ஜாவாப் பெண்ணுக்குக் கிழங்கு. புளி சேர்த்து ஜாமு என்ற மூலிகைப் பானம் காய்ச்ச. நாலாம் மாடி ஆன்ட்டிக்கோ இலை, தண்டு, கிழங்கு எதுவும் பிரியாத முழுக் கொத்து, பொங்கல் பானைக் கழுத்தில் கட்ட. பொங்கல் நெருங்கினால் தேக்கா சந்தையில் மஞ்சள் கொத்து குவிந்து கிடக்கும். "காசு குடுத்து வாங்கற கொத்து வேற, நம்ம கையால தண்ணி ஊத்தின கொத்து வேற" என்பார். மார்கழி பிறந்ததும் வேலியோரக் கொத்து இரண்டில் சிவப்பு ரஃபியா ஏறிவிடும். அதற்கு மேல் யாரும் கை வைக்கக் கூடாது.

ஒரு மார்கழியில் மாக்சிக் வீட்டில் கல்யாணம். மற்ற கொத்துகளில் இலையெல்லாம் நத்தை தின்று சல்லடையாக இருந்தது. ரஃபியா கட்டிய கொத்துப் பக்கம் போய் நின்றார், கேட்கவில்லை. ஆன்ட்டி கத்தரிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே அவரை மூன்று முறை பார்த்தார். பிறகு வாளியை வைத்துவிட்டு வந்து, கொத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, பின்பக்கமாக நான்கு இலையைத் தானே ஒடித்துக் கொடுத்தார். முன்பக்கம் பார்க்க நிறைவாகவே இருந்தது. பொங்கலன்று பானையை எந்தப் பக்கம் திருப்பி வைத்தார் என்று எனக்கு மட்டும் தெரியும்.

இலை கொடுத்த மறுநாளே ஒரு டப்பா நிறையக் கோழி ரெண்டாங் வந்திருந்தது. ஆன்ட்டி சுத்த சைவம். டப்பா ஒன்றும் பேசாமல் என் வீட்டுக்கு இடம் மாறியது. மஞ்சளுக்கு ஒரு வாளித் தண்ணீர்கூட ஊற்றாதவனுக்குக் கிடைத்த லாபம் அது. டப்பாவை வெறுமையாகத் திருப்பக் கூடாதென்று என் மனைவி கறிவேப்பிலை நிரப்பிக் கொடுத்தாள். அது மறுபடி எதையோ நிரப்பிக்கொண்டு வந்தது. அந்த டப்பா இப்போது யாருடையது என்பது தெளிவில்லை.

தோட்டத்தில் எனக்கு ஆகப் பிடித்த காட்சி செடியில் இல்லை, அது சாயங்காலம் ஆறரைக்கு வாளியில் இருக்கிறது. டெங்கிக் கொசுவுக்கு ஒரு மூடித் தண்ணீர் போதும். ஆகையால் தண்ணீர் தேங்கும் எதையும் வெளியே விடக் கூடாது என்பது இந்த ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த பாடம். காலையில் ஒவ்வொருவரும் தங்கள் வாளியோடு வருவார்கள்: ஆன்ட்டி கழுநீர், பெரியவர் மீன் கழுவிய தண்ணீர், நான் கோப்பிக்கடையில் வாங்கிய கோப்பிச் சக்கை. அவசரத்தில் வாளியை அப்படியே போட்டுவிட்டு வேலைக்கு ஓடுகிறவர்கள் உண்டு. சாயங்காலம் பார்த்தால் எல்லா வாளியும் சுவரோரம் கவிழ்ந்திருக்கும், பெரிதிலிருந்து சிறிதாக, பூவாளிகளின் மூக்கு எல்லாம் ஒரே திசையில். மாக்சிக்கின் வேலை. இதைச் செய்யச் சொல்லி யாரும் அவரிடம் கேட்டதில்லை, அவரும் யாரிடமும் சொன்னதில்லை. ஒருமுறை அவர் காய்ச்சலாகப் படுத்தபோது மூன்றாம் நாள் வாளிகள் தாமாகவே கவிழ்ந்திருந்தன. மூக்குகள் மட்டும் திசைக்கொன்றாக இருந்தன.

எல்லாம் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. மிளகாய் காணாமல் போகிறது. ஒரு பப்பாளி, பழுக்க இரண்டு நாள் இருக்கையில், இரவோடு இரவாகப் போனது. எண்பூட்டுப் போட்டோம். எண்ணை மறப்பவர்களுக்காக ஒருவர் மற்றவரிடம் சொல்லிச் சொல்லி இப்போது பாதிப் புளோக்குக்கு அது தெரியும். எனக்கு அந்தப் பூட்டு பிடிக்காது. அது ஒழுங்காகப் பூட்டாமலிருப்பது பிடிக்கும்.

கடைசியாகப் பந்தலுக்கே வருகிறேன். அங்கே இரண்டு பாகல் ஒன்றாக ஏறியிருந்தன. சீனப் பாகல் வெளிர்பச்சை, மெழுகுபோல வழுவழுப்பு, முகடுகள் மழுங்கல். நம்முடையது கரும்பச்சை, உடம்பெல்லாம் முள். பூக்கும்போது தேனீக்கு இந்தப் பேதம் தெரியாது. அந்த வருடம் காய்த்த காயில் ஒன்றும் தெரியவில்லை. எடுத்து வைத்த விதையை மறு பருவத்தில் போட்டபோதுதான் விஷயம் வெளிவந்தது. பெரியவர் தாள்சட்டையைக் கிழித்துப் பார்த்துவிட்டு எங்களைக் கூப்பிட்டார். காய் நடுப்பச்சை. முகடும் உண்டு, முகட்டின் மேல் அரைமனதாக முள்ளும் உண்டு. ஆன்ட்டி முள்ளைத் தடவி, "நம்ம ஜாதிதான்" என்றார். பெரியவர் நீளத்தை முழம் போட்டுக் காட்டினார். மாக்சிக் சிரித்துக்கொண்டே, பிள்ளை யார் ஜாடை என்று தொட்டிலைச் சுற்றி நின்று பேசுகிறவர்களைப் போல இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். வறுவலிலும் அது சமாளித்தது, முட்டையோடும் சமாளித்தது. கசப்பில் மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஒரு காயை விதைக்கென்று கொடியிலேயே விட்டோம். ஆரஞ்சாகப் பழுத்து, அடியில் மூன்றாகப் பிளந்து, உள்ளே சிவப்புத் தசை ஒட்டிய விதைகளைக் காட்டியது. கொண்டைக்குருவி போக மிஞ்சியதைப் பெரியவர் கழுவிச் சன்னலில் காயவைத்தார். போன வாரம் மின்தூக்கியில் ஏறியபோது அவர் உள்ளே இருந்தார். மாடி எண்ணைப் பார்க்கவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு நாலு நம்பர் லாட்டரிச் சீட்டை எடுத்தார், பொட்டலமாக மடித்திருந்தது. பிரித்து என் உள்ளங்கையில் மூன்று விதையைக் கொட்டினார். நான் சீட்டையும் சேர்த்து மூடப்போனேன். சட்டென்று விரலைப் பிடித்துக்கொண்டார்.

"பிஜி அம்பில். கெர்த்தாஸ் காசி பாலேக்."

விதையை எடுத்துக்கொள், தாளைத் திருப்பிக் கொடு. குலுக்கல் முடிவை அவர் இன்னும் பார்க்கவில்லையாம்.