கிரெவ்கூர் மடல்களில் 'அமெரிக்கன்'

1782-இல் இலண்டனில் வெளிவந்த 'அமெரிக்க உழவன் ஒருவனின் மடல்கள்', ஜேம்சு என்னும் உழவன் கூற்றாகக் கிரெவ்கூர் இயற்றிய நூல். அமெரிக்கன் என்பான் யாவன் என்னும் வினாவிற்கு மூன்றாம் மடல் விடை கூறுகின்றது: ஐரோப்பாவில் வறுமையுற்று வந்த பல்வேறு நாட்டினர், சொந்த நிலத்தில் உழைத்துக் குருதி கலந்து புதியதோர் இனமாயினர் என்பது அது. இவ்வொரு மடலையே சான்றாகக் கொண்டு, நூல் தேசிய உணர்வைப் போற்றுவதென முடிவு கட்டுதல் பொருந்தாது. ஒன்பதாம் மடலில், சார்லசுடன் நகர்ப்பகுதியில் கூண்டிலிடப்பெற்று உயிர்விடும் கறுப்பின அடிமையை உழவன் காண்கின்றான். அவ்வினத்தாரும் கடல் கடந்து கொணரப்பெற்றோரே; உழைத்தோரே; எனினும் மூன்றாம் மடலின் விடையில் அவர்க்கு இடமில்லை. இறுதி மடலிலோ, விடுதலைப்போரின் இடையே இருபாலும் சாரமாட்டாது, தொல்குடியினரிடம் புகலடைய அவ்வுழவனே கருதுகின்றான். எனவே, இந்நூல் அவ்வுணர்வின் எழுச்சியோடு அதன் எல்லையையும் காட்டுவதாகும்.