பிடியரிசி: யார் தட்டிலிருந்து?

உலைத் தண்ணீர் கொதி வந்ததும் அம்மா அரிசிப் பானையைத் திறப்பாள். உழக்கால் அளந்து முறத்தில் கொட்டுவாள். களைவதற்கு முன்னால் அதிலிருந்து ஒரு பிடி அள்ளி, அடுப்படி மேடையில் இருக்கும் பழைய பால்பவுடர் டப்பாவில் போடுவாள். போடும்போது உதடு லேசாக அசையும், ஜெபம். எல்லாம் சேர்த்து ஐந்து நொடி ஆகாது. மாதக் கடைசி ஞாயிறு டப்பா கோயிலுக்குப் போகும், வெறுமையாகத் திரும்பி வரும். திருநெல்வேலிச் சீமையின் கிறிஸ்தவ வீடுகளில் வளர்ந்த பலருக்கு இந்தக் காட்சி பழக்கமானது. பிடியரிசிக் காணிக்கை என்று பெயர்.

தன்னலத்தை விட வேண்டும் என்று எத்தனையோ பிரசங்கம் கேட்டாயிற்று. பிரசங்கம் கேட்டுத் தன்னலத்தை விட்டவரை நான் அதிகம் பார்த்ததில்லை. கையின் பழக்கத்தால் கொஞ்சம் கொஞ்சமாக விட்டவர்கள் உண்டு. அதனால்தான் உபதேசத்தை விட்டுவிட்டு இந்தப் பழக்கத்தை எடைபோடத் தோன்றுகிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பிடியரிசி நோயின் நாடியைச் சரியாகப் பிடித்தது, மருந்தை மட்டும் பெரும்பாலும் ஆள் மாற்றிக் கொடுத்துவிட்டது.

இது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் சொந்தமான வழக்கமல்ல. காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதியும் வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்துவைக்கும்படி வலியுறுத்தினார். மிசோரத்தில் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910 வாக்கில் தொடங்கிய பிடியரிசி இன்றும் அந்தச் சபையின் வரவில் முக்கியமான பங்கு. பிறருக்காகத் தன்னைப் பின்னுக்குத் தள்ளுவதை உயர்ந்த குணமாகப் போற்றும் மரபு, கிறிஸ்தவம் வருவதற்கு முன்பே மிசோ மக்களிடம் இருந்தது. அந்த மண்ணில் இந்த விதை சட்டென்று பிடித்துக்கொண்டதில் வியப்பில்லை. நம் பக்கத்தில், 1903இல் வேதநாயகம் சாமுவேல் அசரியாவும் நண்பர்களும் இந்திய மிஷனரி சங்கத்தைத் திருநெல்வேலியில் தொடங்கியபோது, வெளிநாட்டுப் பணத்தை எதிர்பாராமல் உள்ளூர்க் கிறிஸ்தவர்களே ஆளும் பொருளும் தந்து நடத்துவது என்று முடிவெடுத்தார்கள். தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல்லுக்கு ஊழியரை அனுப்பினார்கள். காசுப் புழக்கம் குறைந்த காலத்துக் கிராமச் சபையில் காணிக்கை என்றால் நெல், அரிசி, தேங்காய், முட்டை. கையில் காசில்லாதவரையும் வாங்குகிற இடத்திலிருந்து கொடுக்கிற இடத்துக்கு நகர்த்தியது அந்த ஏற்பாடு. ஏழைக்கும் கொடுக்கும் உரிமை உண்டு என்று ஒத்துக்கொள்வது சின்ன விஷயமல்ல.

பிடியரிசியின் பலம் அது எடுக்கப்படும் நேரத்தில் இருக்கிறது. ‘தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும்’ என்பது நம் பழமொழி. பிடியரிசி அதைத் தலைகீழாக்குகிறது. சோறு வடித்து எல்லாரும் உண்டு மீந்ததை அது கேட்பதில்லை. உலையில் இடுவதற்கு முன்பே எடுக்கச் சொல்கிறது. மிஞ்சட்டும் என்று காத்திருப்பவனுக்கு எதுவும் மிஞ்சுவதில்லை. லூக்கா சுவிசேஷத்து ஐசுவரியவான் கதையில் அந்த மனிதனுக்கு விளைச்சல் மிஞ்சத்தான் செய்தது. உடனே அவனுக்குக் களஞ்சியம் போதவில்லை என்று தோன்றிவிட்டது. என் தானியம், என் களஞ்சியம், என் ஆத்துமா என்று அவன் தன்னோடு மட்டுமே பேசிக்கொள்கிறான். கதையில் இன்னொரு மனிதனே இல்லை. மார்ட்டின் லூத்தர் ரோமர் நிருபம் பற்றிய தம் விரிவுரைகளில் (1515–1516) பாவத்தைத் தன்மேலேயே வளைந்துகொண்ட மனம் என்று விளக்கினார்; அந்த வளைவு கடவுளையும் தன் காரியத்துக்கே பயன்படுத்திக்கொள்ளும் என்றார். வளைந்த கம்பியை ஒரே அடியில் நிமிர்த்தினால் முறியும். தினமும் ஒரு பிடி என்பது மெல்ல மெல்லத் தட்டி நிமிர்த்தும் வேலை.

இன்னொரு பலம், அதற்குப் பெயர் கிடையாது. வலது கை செய்வதை இடது கை அறியக் கூடாது என்ற இயேசுவின் போதனைக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடைப்பது அரிது. கோயிலில் எல்லா டப்பாக்களும் ஒரே சாக்கில் கொட்டப்படும். பொன்னியும் ரேஷன் அரிசியும் கலந்துபோகும். எது யார் வீட்டுப் பிடி என்று யாராலும் சொல்ல முடியாது. இதன் அருமை புரிய வேண்டுமானால் அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருட்களை விடும் ஏலத்துக்குப் போக வேண்டும். எங்கள் ஊரில் ஒரு வருடம் ஒரு சேவலுக்குச் சண்டையே வந்தது. இரண்டு பெரிய வீட்டுக்காரர்கள் விடாப்பிடியாக ஏற்றிக்கொண்டே போக, சேவலின் விலை ஆட்டின் விலையைத் தாண்டியது. ஒவ்வொரு முறையும் ஒலிபெருக்கி பெயரைச் சொன்னது. பணம் கோயிலுக்குத்தான் வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அன்று கொடுக்கப்பட்டது காணிக்கையா, வாங்கப்பட்டது கௌரவமா? இன்று சில மேடைகளில் ‘விதைக் காணிக்கை’ என்ற பெயரில் ஒன்றுக்கு நூறாகத் திரும்பும் என்று வாக்குக் கொடுத்துப் பணம் கேட்கிறார்கள். ஏலத்தில் பெயராவது கிடைக்கிறது; இது நேரடியாக வட்டிக் கணக்கு. இந்த இரண்டுக்கும் பக்கத்தில் வைத்தால் பால்பவுடர் டப்பாவுக்குக் கும்பிடு போடத் தோன்றும்.

கும்பிடு போட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்க வேண்டும். அந்தப் பிடி யார் தட்டிலிருந்து போனது?

எங்கள் வீட்டு டப்பாவுக்குள் அப்பாவின் கை ஒருநாளும் நுழைந்ததில்லை. எங்கள் கையும்தான். உழக்குக் கணக்கில் ஒரு பிடி குறைந்தால் சோறு அவ்வளவு குறையும். ஆனால் அப்பா தட்டிலோ எங்கள் தட்டிலோ அது குறைந்ததாக எனக்கு நினைவில்லை. கடைசியாக உட்கார்ந்து பானையை வழித்துப் போட்டுக்கொள்பவள் தட்டில்தான் குறைந்திருக்கும். வீட்டின் பேரில் போன காணிக்கையை, பசியின் கணக்கில் பார்த்தால், ஒருத்தி மட்டுமே கொடுத்துக்கொண்டிருந்தாள். தன்னலத்தை விடுவதற்கான பயிற்சியைத் தினமும் தவறாமல் செய்தவள், அந்த வீட்டிலேயே அந்தப் பயிற்சி கொஞ்சமும் தேவைப்படாதவள்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல; இறையியலிலேயே ஒரு பழைய குறை. அமெரிக்க இறையியலாளர் வேலரி சேவிங் 1960இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதைச் சுட்டிக்காட்டினார். பாவம் என்றால் அகந்தை, தன்னை நிலைநாட்டிக்கொள்வது. மீட்பு என்றால் தன்னை முற்றாகக் கொடுப்பது. இப்படி எழுதியவர்கள் ஆண்கள். தங்கள் அனுபவத்தை மனித அனுபவம் என்று எடுத்துக்கொண்டார்கள். பெண்ணை வீழ்த்தும் சோதனை பெரும்பாலும் வேறு: தனக்கென்று ஒன்று இல்லாதபடி கரைந்துபோவது. அவளிடம் போய் இன்னும் உன்னை வெறுமையாக்கு என்று சொல்வது சோகை பிடித்தவளிடம் இரத்ததானம் கேட்பது போன்றது. உன்னைப்போல் பிறனையும் நேசி என்ற கட்டளையில் ‘உன்னைப்போல்’ என்ற சொல் சும்மா வரவில்லை. அந்த ‘உன்னை’ முதலில் ஒரு ஆளாக இருக்க வேண்டும்.

காணிக்கைப் பிரசங்கங்களில் தவறாமல் வருபவள் இரண்டு காசு போட்ட ஏழை விதவை. அவளைப் போலக் கொடுங்கள் என்பார்கள். மாற்கு சுவிசேஷத்தில் அவள் வருவதற்குச் சற்று முன்னே இயேசு எதைப் பற்றிப் பேசுகிறார் என்று அதே மூச்சில் படிப்பதில்லை. நீண்ட ஜெபம் செய்துகொண்டே விதவைகளின் வீடுகளை விழுங்கும் வேதபாரகர்களைக் கண்டித்து முடித்த கையோடுதான் அவர் காணிக்கைப் பெட்டியைப் பார்க்கிறார். அவள் போனதும், அந்த ஆலயத்தில் கல்லின்மேல் கல் நில்லாது என்கிறார். முன்னும் பின்னும் வைத்துப் படித்தால் அதில் விதவைக்கான மெச்சுதலோடு அவளிடமிருந்து கடைசிக் காசையும் வாங்கிக்கொண்ட அமைப்பைப் பற்றிய வருத்தமும் கேட்கிறது. வேத ஆராய்ச்சியாளர்கள் சிலர் அப்படித்தான் படிக்கிறார்கள். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது.

அடுத்த குறை சாக்கின் வாயில் இருக்கிறது. ஆயிரம் டப்பாவிலிருந்து கொட்டிய அரிசி சபையின் சொத்தாகிவிடுகிறது. தனியாள் விட்ட தன்னலம் அங்கே போய்ச் சேர்ந்துகொள்வதுண்டு. தனிமனிதர்கள் தங்கள் நலனை விட்டுக்கொடுப்பார்கள், கூட்டங்கள் அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை என்பது ரெய்ன்ஹோல்ட் நீபர் 1932இல் வெளியிட்ட நூலின் மையக் கருத்து. நம் சபைத் தேர்தல்களையும் சொத்து வழக்குகளையும் பார்த்தவர்களுக்கு நீபர் தேவையில்லை. தனக்காக வாய் திறந்து ஒன்றும் கேட்காத மனிதர், ‘நம்ம கோயிலுக்காக’ என்றதும் பக்கத்துச் சபையோடு மல்லுக்கு நிற்பார். தன்னலம் ‘என்’ என்பதிலிருந்து ‘நம்ம’ என்பதற்கு வீடு மாறிக் குடியிருக்கிறது. வாடகை மட்டும் கூடியிருக்கிறது.

மூன்றாவது குறைதான் நம் மண்ணுக்கே உரியது. அரிசி தீட்டுப்படாது. சாதி பார்க்கிற ஊரிலும் அரிசியை யாரும் யாருக்கும் கொடுக்கலாம், யாரிடமிருந்தும் வாங்கலாம். அது வெந்து சோறானதும்தான் சிக்கல். யார் வடித்தது, யாரோடு உட்கார்ந்து தின்பது என்ற கேள்விகள் அப்போதுதான் வரும். அதாவது வாழ்நாள் முழுக்கப் பிடியரிசி போட்டாலும் சாதி என்ற பெரிய தன்னலத்தின்மேல் ஒரு கீறலும் விழாமல் இருக்க முடியும். இது மிஷனரிகளுக்குத் தெரிந்திருந்தது. 1847இல் அமெரிக்கன் மதுரை மிஷன் தன் உபதேசியார்களிடம், சாதியை விட்டதற்கு அடையாளமாக எல்லாரோடும் சேர்ந்து உண்ண வேண்டும் என்று வற்புறுத்தியது. பலர் மறுத்து வேலையை இழந்தார்கள். சம்பளம் கொடுப்பவன் கட்டாயப்படுத்தி நடத்தும் விருந்தில் எவ்வளவு அன்பு இருக்கும் என்பது நியாயமான கேள்வி. ஆனால் சோதனை வைத்த இடம் சரியான இடம். பவுல் கொரிந்து சபையைக் கண்டித்ததும் காணிக்கை குறைந்ததற்காக அல்ல; கூடி உண்ணும் இடத்தில் ஒருவன் பசியோடும் ஒருவன் குடிவெறியோடும் இருந்ததற்காக.

அசரியா இதை வேறொரு மேடையில் சொன்னார். 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில், மேல்நாட்டு மிஷனரிகள் பொருளும் உழைப்பும் உயிருமே தந்திருக்கிறார்கள் என்று நன்றியோடு ஒத்துக்கொண்டார். ஆனால் இந்தியர்களுக்கு வேண்டியது அதற்கும் மேலான ஒன்று, நட்பு என்றார். கொடுக்கிறவன் மேலேயும் வாங்குகிறவன் கீழேயும் இருக்கிற வரை கொடையால் அகந்தை கரையாது, கொழுக்கும். சரிசமமாக உட்காரும்போதுதான் அதற்கு மூச்சு முட்டும்.

அப்படியானால் டப்பாவைத் தூக்கி எறிந்துவிடலாமா? கூடாது. தினமும், முதலில், பெயரில்லாமல் என்ற மூன்றும் சேர்ந்த பயிற்சி நம்மிடம் வேறு இல்லை. கை மாற வேண்டும், அவ்வளவுதான். வீட்டில் அதிகம் தின்பவன் கை டப்பாவுக்குள் போக வேண்டும். சபைக்கு வரும் சாக்கிலிருந்தும், தன் செலவுக்கு அளக்குமுன், வெளியாருக்கென்று ஒரு பிடி எடுக்கப்பட வேண்டும். வருடத்துக்கு ஒருமுறையாவது அந்த அரிசி கோயில் வளாகத்திலேயே பொங்கப்பட்டு, எல்லாத் தெருவும் ஒரே பந்தியில் உட்கார வேண்டும். தென்மாவட்டச் சபைகளில் எல்லாரும் கூடி உண்ணும் அசனப் பண்டிகையில் அதற்கான அடுப்பு ஏற்கெனவே மூட்டியிருக்கிறது. யார் கரண்டி பிடிக்கிறார்கள், யார் இலை எடுக்கிறார்கள் என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

தமிழில் ‘பிடி’ என்ற சொல்லே இரண்டு பக்கமும் வெட்டும். கொடுப்பதற்கு அள்ளுவதும் பிடி. விடமாட்டேன் என்று இறுக்குவதும் பிடி. எது எதுவென்று கை மட்டுமே அறியும்.

இடுப்பு வலியால் அம்மா அடுப்படியில் அதிகம் நிற்க முடியாமல் போனபின், ஊருக்குப் போகும் நாட்களில் நான் சமைக்கிறேன். முதல் நாள் தட்டு வைத்துப் பரிமாறினேன். உட்கார மறுத்துவிட்டாள். “ஏல, நீ சாப்பிடாம நான் எப்படில சாப்பிட?” என்று அதையே மூன்று தடவை கேட்டாள். இயேசு கால் கழுவ வந்தபோது பேதுருவும் இப்படித்தான் மறுத்தான். கொடுத்தே பழகியவர்களுக்கு வாங்கிக்கொள்வது எவ்வளவு கடினம் என்று அன்று பார்த்தேன். “யம்மா, மொதல்ல நீ உக்காரு” என்று நின்றுகொண்டே இருந்தேன். கடைசியில் உட்கார்ந்தாள்.

மறுநாள் அரிசி அளந்தபோது டப்பா கண்ணில் பட்டது. ஒரு பிடி எடுத்துப் போட்டேன். என் கை அம்மாவின் கையைவிடப் பெரிது. விழுந்த அரிசி அவள் போடுவதில் பாதிகூட இல்லை. அம்மா வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. நான் மறுபடியும் முறத்துக்குள் கையை விட்டேன்.