நன்னூல் கூறும் பாட ஆயத்தம்

தமிழாசிரியர்கள் நன்னூலைப் புணர்ச்சி விதிக்காகத் திறப்பர். பகுபத உறுப்புக்காகத் திறப்பர். அதன் முகப்பில் நிற்கும் பொதுப்பாயிரத்தையோ தேர்வுக்கு மனனம் செய்ததோடு மறந்துவிடுவர். ஆயினும், 13ஆம் நூற்றாண்டில் சீயகங்கன் வேண்ட நூல் செய்த பவணந்தி முனிவர், எழுத்தையும் சொல்லையும் தொடுமுன் ஆசிரியன் யார், மாணாக்கன் யார், பாடம் சொல்வது எவ்வாறு, கேட்பது எவ்வாறு என்றே தொடங்குகின்றார். பாட ஆயத்தம் தம் காலத்தையெல்லாம் விழுங்கிவிடுகின்றது என ஆசிரியர்கள் இன்று கூறும் முறையீட்டை, அப்பகுதியை உரைகல்லாகக் கொண்டு ஆராய்வது பயன் தரும்.

முறையீடு பொய்யன்று. சிறிய தோட்டப் பள்ளியில் ஒருவரே நாளொன்றுக்கு நான்கைந்து பாடங்களைக் கற்பிக்கின்றார். ஒவ்வொன்றுக்கும் நாள் பாடத்திட்டம் எழுத வேண்டும். உள்ளடக்கத் தரம், கற்றல் தரம், நோக்கம், வெற்றிக்கூறு, நடவடிக்கை, பயிற்றுத்துணைப்பொருள், சிந்தனை மீட்சி எனக் கட்டங்கள் நீளுகின்றன. ஞாயிற்றுக்கிழமை இரவு அதிலேயே கழிகின்றது. திங்கட்கிழமை காலையில் குறிப்பேடு நிறைந்திருக்கின்றது, ஆசிரியர் களைத்திருக்கின்றார். அக்குறிப்பேடுகளில் கையொப்பமிடும் தலைமையாசிரியன் என்ற முறையில் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகின்றேன். சென்ற ஆண்டுக் குறிப்பில் நாளை மட்டும் மாற்றிப் பெயர்த்தெழுதியவற்றிலும் நான் கையொப்பமிட்டதுண்டு.

நிற்க. பாடம் சொல்லும் முறையைப் பற்றி நன்னூலார் கூறுவது யாது? இடத்தையும் பொழுதையும் ஆய்தல்; தெய்வத்தை வழிபடுதல்; சொல்லவேண்டிய பொருளை முன்னரே நெஞ்சில் ஒழுங்குபடுத்திக் கொள்ளுதல்; பதற்றமும் சினமும் இன்றி இன்முகத்தோடு இருத்தல்; கேட்பவன் எந்த அளவில், எந்த வகையில் ஏற்பான் என்று அறிந்து, கோணாத மனத்தோடு கற்பித்தல். இவை ஒரு பட்டியலாகவே ஓதப்பட்டு வருகின்றன. ஆனால், அவற்றின் வைப்பு முறையை நோக்குக. பொருளை நெஞ்சில் அமைத்தல் முன் நிற்கின்றது; பதறாமையும் வெகுளாமையும் அதன் பின் வருகின்றன. முன்னது காரணம், பின்னது காரியம் என்று கொள்ளுதல் பொருந்தும். ஆயத்தம் செய்தவன் பதறான், பதறாதவன் சினவான். அவ்வாறாயின், எந்த ஆயத்தம் ஆசிரியனின் உறக்கத்தைப் பறித்து, அவனைச் சிடுசிடுத்த முகத்தோடு வகுப்புக்கு அனுப்புகின்றதோ, அது எத்தனை பக்கம் நீண்டாலும் நன்னூலார் கருத்தில் ஆயத்தமே ஆகாது.

ஆசிரியர் ஆகாதாருக்கு அவர் கூறும் உவமைகளும் இதனை வலியுறுத்துகின்றன. கழற்சிக்காய்களை ஒவ்வொன்றாகக் குடத்தில் இட்டுக் கவிழ்த்தால், இட்ட முறையில் அவை வெளிவாரா. குழம்பி ஒருங்கே விழும். வரிசையைச் சிந்தியாமல் பழங்குறிப்பைப் பெயர்த்தெழுதுபவரின் பாடம் இத்தகையது. பஞ்சை அரிதின் முயன்று திணித்த குண்டிகையிலிருந்து அதனை எளிதில் எடுக்க இயலாது. ஒரு மணி நேரத்துக்குள் ஏழு நடவடிக்கைகளைத் திணித்து எழுதுபவரின் பாடம் இத்தகையது. முன்னவர் மிகக் குறைவாக உழைக்கின்றார். பின்னவர் மிகையாக உழைக்கின்றார். மாணவனுக்குக் கிடைப்பதில் பெரிய வேறுபாடில்லை.

இனி, காலச் சிக்கனத்துக்கு வழிகாட்டும் பகுதிக்கு வருவோம். ஆசிரியன் உரைத்ததை எத்துணை நன்றாகக் கேட்டாலும் மாணாக்கன் பெறுவது கால் பங்கே என்கின்றார் முனிவர். உடன் பயில்வாரோடு பழகுவதால் இன்னொரு கால் பங்கு வரும். பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப் பங்கும் நிறையும். இக்கணக்கு புலமையின் அளவைக் குறிப்பதன்றி நேரத்தின் அளவைக் குறிப்பதன்று. ஆயினும், நம் குறிப்பேடுகளைப் புரட்டினால், ஆசிரியர் என்ன பேசுவார் என்பதற்கே பெரும் பகுதி செலவாகியிருப்பதைக் காணலாம். கால் பங்குக்கு முக்கால் உழைப்பு! குறைக்க வேண்டிய இடம் இதுவே.

ஓர் எடுத்துக்காட்டு. அந்த, இந்த, எந்த என்னும் சொற்களின் பின் வல்லினம் மிகும் என்பது பாடம். மூன்றாம் ஆண்டும் நான்காம் ஆண்டும் ஓரறையில் இருக்கின்றன. அந்தப் பையன், இந்தக் கிளை, எந்தத் தோட்டம் என மூன்று சான்றுகளோடு ஆசிரியர் விதியை விளக்குகின்றார். பின்னர் இருவர் இருவராக வாசிப்புப் பகுதியில் இத்தகைய தொடர்களைத் தேடுகின்றனர். இறுதியில் நான்காம் ஆண்டு மாணவன், தானே அமைத்த சான்றுகளைக் கொண்டு மூன்றாம் ஆண்டுத் தம்பிக்கு விளக்குகின்றான். இதனை எழுத நான்கு வரி போதும். தடையென்று நாம் வருந்தும் ஈராண்டு வகுப்பே ஈண்டுத் துணையாகின்றது. நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளை முறையும் இதுவன்றோ? 1789இல் சென்னையில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், மாணவரைக் கொண்டே மாணவர்க்குக் கற்பித்து, 1797இல் அதனை இலண்டனில் நூலாக வெளியிட்டார். ஆங்கில நாட்டில் அது சென்னை முறை என்றே பெயர் பெற்றது.

நன்னூலிலும் குறையுண்டு. சோம்பன், மந்தன், உறங்குபவன் முதலியோரைப் பாடம் கேட்கத் தகாதார் என்று அது விலக்குகின்றது. மலேசியாவில் 2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயம், எந்தப் பிள்ளையையும் விலக்க நமக்கு உரிமையில்லை, விலக்கவும் கூடாது. முனிவர் விலக்கிய மாணவனே நம் ஆயத்தத்துக்கு முதல் உரிமையாளன். அவன் ஏற்கும் வகையை அறிவதற்கு அவரே தந்த விதியை, அவர் வரைந்த எல்லைக்கு அப்பாலும் நாம் கொண்டு செல்லல் வேண்டும்.

ஆகவே, ஆசிரிய நண்பர்கட்கு நான் கூறுவது இவ்வளவே. பாட வரிசையை அலகுக்கு ஒருமுறை, விடுமுறையில் அமர்ந்து உறுதி செய்க. தரங்களைக் கலைத்திட்டமே வகுத்துத் தந்திருப்பதால், அவற்றை அப்போதே ஒருமுறை எழுதி வைத்தால் போதும். நாள்தோறும் புதிதாகச் சிந்திக்க வேண்டியவை இரண்டு: நேற்று ஏற்காமல் நின்றவன் யார்? இன்று எடுத்துரைக்கப் போகின்றவன் யார்? சிந்தனை மீட்சி என்னும் கட்டத்தை, நோக்கம் நிறைவேறியது என்ற ஒரே வாய்பாட்டால் நிரப்பாமல் அப்பெயர்களால் நிரப்பினால், மறுநாள் ஆயத்தத்தில் பாதி அங்கேயே முடிந்துவிடும். தலைமையாசிரியர்களாகிய நாமும் பக்கத்தை எண்ணாமல் அப்பெயர்களைத் தேடிப் படித்துக் கையொப்பமிடுவோமாக. மிஞ்சும் நேரம் ஆசிரியரின் உறக்கத்துக்கும் படிப்புக்கும் ஆகுக. மறுநாள் காலை அவர் மலர்ந்த முகத்தோடு வகுப்புக்கு வருவதும் நன்னூலார் விதித்ததே.